மறைத்தலின் இலக்கணம்: மென்பொருட் கட்டமைப்பு பிறந்த வரலாறு

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு கணிப்பொறிகளை ஒருசேர அறிவித்தது. சிஸ்டம்/360 என்பது அக்குடும்பத்தின் பெயர். குடும்பத்தின் சிறிய பொறிக்கென எழுதப்பட்ட நிரல் பெரிய பொறியிலும் ஓடும் என்பதே அவ்வறிவிப்பின் உயிர்நாடி. அதற்கு முன்பு அதே நிறுவனம் விற்ற பொறிகளுக்கிடையிலும் அத்தகைய உறவு இருந்ததில்லை. 1401 என்னும் பொறிக்கு எழுதிய நிரலை 7090 என்னும் பொறி அறியாது. வணிகம் வளர்ந்து பெரிய பொறி வாங்கியவர் தம் நிரல்களையெல்லாம் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. பெரிய வீட்டுக்குக் குடிபோகும் ஒவ்வொரு முறையும் பழைய பாத்திரம் பண்டமெல்லாம் பயனற்றுப்போன நிலை அது.

அதே மாதத்தில் ஜீன் அம்டால், கெரிட் பிளாவ், பிரெடரிக் புரூக்ஸ் ஆகிய மூவரும் அந்நிறுவனத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கட்டடக்கலை என்னும் பழஞ்சொல்லைக் கணிப்பொறிக்குரிய கலைச்சொல்லாக நிலைநிறுத்திய கட்டுரை அது. புரூக்ஸ் 1962இலேயே வேறொரு நூலில் அச்சொல்லைக் கையாண்டிருந்தார். அவர்கள் அதற்குத் தந்த பொருள் கவனித்தற்குரியது. பொறியின் உள்ளே ஓடும் கம்பிகளும் சுற்றுகளும் கட்டடக்கலை ஆகா. நிரல் எழுதுபவனின் கண்ணுக்குப் புலனாகும் தன்மைகளே கட்டடக்கலை. பிளாவ் இதற்குக் கடிகாரத்தை உவமை காட்டுவார். முகப்பும் முட்களும் சாவியுமே கடிகாரத்தின் கட்டடக்கலை. அவற்றைப் படிக்கக் கற்ற குழந்தை கைக்கடிகாரத்திலும் மணி பார்க்கும். கோபுரக் கடிகாரத்திலும் பார்க்கும். உள்ளே சுழல்வது சுருள்வில்லா, தொங்கும் எடையா என்பது அதற்குத் தேவையற்ற செய்தி.

ஆகவே கட்டடக்கலை என்ற சொல் கணிப்பொறி உலகினுள் நுழைந்தபோது அது கட்டி முடித்த ஒன்றைக் குறிக்கவில்லை. பயன்படுத்துபவனுக்குக் கொடுத்த வாக்கைக் குறித்தது. உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், வாக்கு மட்டும் மாறலாகாது.

பொறியளவில் அவ்வாக்கு காப்பாற்றப்பட்டது. மென்பொருளளவில் நிகழ்ந்தது வேறு கதை. அக்குடும்பத்துப் பொறிகளை இயக்குதற்கென ஓ.எஸ்./360 என்னும் பெருமென்பொருள் திட்டமிடப்பட்டது. 1963 முதல் 1966 வரை அதற்குச் செலவான உழைப்பு ஏறத்தாழ 5000 மனித ஆண்டுகள் எனப் புரூக்ஸ் கணக்கிடுகிறார். உச்சக் கட்டத்தில் 1000 பேருக்கு மேல் அதில் ஈடுபட்டிருந்தனர். அது காலம் தாழ்ந்து வந்தது; பிழைகளோடு வந்தது. அதனைப் பொறுப்பேற்று நடத்திய புரூக்ஸ் பின்னர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று ஆசிரியராக அமர்ந்து, நடந்ததற்கெல்லாம் காரணம் தேடி, 1975இல் ஒரு நூல் எழுதினார். மென்பொருள் பற்றிய நூல்களில் இன்றளவும் படிக்கப்படும் ஒரு சிலவற்றுள் அது ஒன்று. ‘மாய மனித மாதம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

அந்நூலில் புரூக்ஸ் தம் தவறு ஒன்றை ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். ஓ.எஸ்./360 வெளியே எப்படித் தோன்ற வேண்டும் என்னும் விவரிப்பை யார் எழுதுவது என்ற கேள்வி 1964இல் எழுந்தது. கட்டமைப்புக் குழுவின் தலைவரிடம் 10 தேர்ந்த ஆட்கள் இருந்தனர். அவர்களைக் கொண்டு செம்மையாக எழுதி முடிக்கப் பத்து மாதம் ஆகும் என்றார் அவர். கால அட்டவணை அனுமதித்ததைவிட அது மூன்று மாதம் மிகுதி. நிரல் எழுதும் குழுவின் தலைவரிடம் 150 பேர் இருந்தனர். தம்மிடம் ஒப்படைத்தால் குறித்த நாளில் முடியும் என்றார் அவர். ஒப்படைக்காவிட்டால் இந்த 150 பேரும் பத்து மாதம் கைகட்டி உட்கார்ந்திருக்க நேரும் என்றும் சொன்னார். அப்படிச் செய்தாலும் மூன்று மாதம் தாமதம் ஆகத்தான் செய்யும், தரமும் கெடும் என்று முதலாமவர் எச்சரித்தார். புரூக்ஸ் 150 பேரிடம் ஒப்படைத்தார். எச்சரித்தவர் சொன்ன இரண்டும் அப்படியே பலித்தன. கருத்தொருமை இல்லாத அவ்விவரிப்பினால் பிழை நீக்கும் வேலையே ஓராண்டு நீண்டது என்பது புரூக்ஸின் மதிப்பீடு.

கருத்தொருமை என்பது அந்நூலின் நடுநாயகமான கொள்கை. பிரான்சின் ரேம்ஸ் நகரப் பேராலயத்தைப் புரூக்ஸ் அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். பல தலைமுறைகளாகத் தொடர்ந்து கட்டப்பட்டும் அது ஒரே மனத்தில் தோன்றியதுபோல் நிற்கிறது. பின்வந்தவர்கள் தம் சொந்தக் கற்பனையை அடக்கிக்கொண்டதனால் அது கைகூடிற்று. பல கைகள் இணைந்து ஒரு தொகுப்பைக் கொண்டுவந்த அனுபவம் உள்ள எவருக்கும் அந்த அடக்கத்தின் அருமை புரியும்.

இதே காலத்தில் இந்நோயை மற்றவர்களும் கண்டுகொண்டிருந்தனர். 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் அறிவியல் குழு கூட்டிய மாநாட்டில் மென்பொருளின் நெருக்கடி வெளிப்படையாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு ரோமாபுரியில் நடந்த இரண்டாம் மாநாட்டில் இயன் ஷார்ப் என்பவர், மென்பொருள் பொறியியல் வேறு, மென்பொருட் கட்டமைப்பு வேறு என்று பிரித்துக் காட்டினார். ஓ.எஸ்./360இன் பகுதிகள் பல தனித்தனியே சிறப்பாக எழுதப்பட்டவைதாம். முழுமைக்கு ஒரு கட்டடக் கலைஞன் இல்லை, ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு கட்டமைப்பைக் கற்பித்துக்கொண்டது, அவற்றைச் சேர்த்து ஆணியடித்தபோது அழகிய ஒருமை பிறக்கவில்லை என்பது அவர் வாதம்.

மெல்வின் கான்வே அதற்கும் முன்பே ஒரு படி மேலே போயிருந்தார். ஓர் அமைப்பு வடிவமைக்கும் பொருள், அவ்வமைப்பினுள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்பதன் சாயலையே பெறும் என்றார் அவர். ஆர்வர்டு வணிக இதழ் அக்கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1968 ஏப்ரலில் டேட்டாமேஷன் இதழ் வெளியிட்டது. அவர் காட்டிய சான்று சிரிப்பூட்டுவது. இரண்டு மொழிபெயர்ப்பு நிரல்களை எழுத எட்டுப் பேர் அமர்த்தப்பட்டனர். கோபால் மொழிக்கு ஐவர், அல்கால் மொழிக்கு மூவர். கோபால் நிரல் ஐந்து கட்டங்களில் ஓடிற்று. அல்கால் நிரல் மூன்று கட்டங்களில் ஓடிற்று.

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒரு சிறு குழுவுடன் எழுதிய இயக்க மென்பொருளையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1968இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அடுக்கின்மேல் அடுக்காக ஆறு நிலைகள். கீழ்நிலை மேல்நிலையை அறியாது. ஒரு நிலையைச் சோதித்து உறுதி செய்த பின்னரே அடுத்தது எழும்.

ஆயினும் எங்கே பிரிப்பது, எந்த இடத்தில் சுவர் எழுப்புவது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது 1972 டிசம்பரில்தான். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்த டேவிட் பர்னாஸ் அதைத் தந்தார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு பெரிய வங்கியோ விண்கலமோ அன்று, ஒரு சொல்லடைவு. தேர்ந்த நிரலர் ஒருவர் ஓரிரு வாரங்களில் எழுதி முடித்துவிடக்கூடிய சின்னஞ்சிறு வேலை என்று அவரே சொல்கிறார்.

தலைப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ‘மழை நின்ற இரவு’ என்பது அதிலுள்ள ஒரு தலைப்பு என்று கொள்ளலாம். முதற்சொல்லை எடுத்துக் கடைசியில் வைத்தால் ‘நின்ற இரவு மழை’. மீண்டும் ஒருமுறை சுழற்றினால் ‘இரவு மழை நின்ற’. எல்லாத் தலைப்புகளையும் இவ்வாறு சுழற்றி, கிடைத்த வரிகளையெல்லாம் அகர வரிசையில் அடுக்கினால் எந்தச் சொல்லைத் தேடினாலும் தலைப்பு அகப்படும். நூலகங்களுக்கு மிகவும் பயன்பட்ட அடைவு முறை இது.

இவ்வேலையைப் பர்னாஸ் இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் முறை எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றுவது. வேலை நடக்கும் வரிசையிலேயே பிரிப்பது. உள்வாங்க ஒரு கூறு, சுழற்ற ஒரு கூறு, அகர வரிசைப்படுத்த ஒரு கூறு, அச்சிட ஒரு கூறு, இவற்றை மேய்க்க ஒரு கூறு. இரண்டாம் முறையில் அவர் கேட்ட கேள்வி வேறு: இந்த வேலையில் நாளை மாறக்கூடிய முடிவுகள் எவை? வரிகளை நினைவகத்தில் எப்படி அடுக்குவது என்பது அப்படி ஒரு முடிவு. சுழற்றிய வரிகளை முழுமையாக எழுதி வைப்பதா, தொடங்கும் இடத்தை மட்டும் குறித்து வைப்பதா என்பது இன்னொன்று. எல்லா வரிகளையும் முன்கூட்டியே வரிசைப்படுத்துவதா, கேட்கும்போது தேடிக் கொடுப்பதா என்பது மற்றொன்று. ஒவ்வொரு முடிவையும் ஒரு கூற்றினுள் பூட்டி வைக்க வேண்டும். பிற கூறுகள் அம்முடிவை அறியவே கூடாது. அவை கேட்கலாம், விடை பெறலாம். விடை எவ்வாறு வந்தது என்பது அவற்றிற்குத் தெரிய வேண்டியதில்லை.

பின்னர் மாற்றங்களைச் செய்து பார்த்தார். நினைவகத்தின் ஓர் அறைக்கு நான்கு எழுத்து வீதம் நெருக்கி அடுக்கும் வழக்கத்தைக் கைவிட நேர்ந்தால் என்ன ஆகும்? முதல் முறையில் எல்லாக் கூறுகளையும் திருத்தியாக வேண்டும். ஏனெனில் எழுத்துகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பது அவை அனைத்துக்கும் தெரியும். இரண்டாம் முறையில் ஒரே ஒரு கூற்றைத் திருத்தினால் போதும்.

இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. இரண்டு முறைகளிலிருந்தும் இறுதியில் பொறி இயக்கும் கட்டளைகள் ஒன்றாகவே அமையக்கூடும் என்கிறார் பர்னாஸ். ஓடும் நிரலைப் பார்த்து அதன் கட்டமைப்பைச் சொல்ல முடியாது. வேறுபாடு அதை எழுதுபவர்களுக்கும் பின்னாளில் திருத்துபவர்களுக்கும் மட்டுமே புலப்படும். இதற்கு விலை உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை: ஒவ்வொன்றையும் கேட்டுப் பெறுவதால் வேகம் குறையும், அதனை ஈடுசெய்யத் தனி உபாயம் வேண்டும். உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற கவிஞர்களுக்கு மறைத்தல் புதிதன்று. ஆனால் கவிதையில் மறைத்தது கண்டுபிடிக்கப்படுவதற்காகக் காத்திருக்கிறது. பர்னாஸ் மறைத்தது ஒருவராலும் தேடப்படாமல் இருப்பதற்காகவே மறைக்கப்பட்டது.

புரூக்ஸ் இதை ஏற்கவில்லை. ஓ.எஸ்./360 நடந்தபோது அவர் கொண்டிருந்த முறை நேர் எதிரானது: ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டும். அதற்கென ஒரு பணிக்குறிப்பேடு தொகுக்கப்பட்டது. ஆறு மாதத்தில் அது ஐந்தடிக் கனம் ஆயிற்று. அதற்கு 100 படிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 500 அடி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்தை இருமுறை தாண்டிவிடும். நாள்தோறும் வந்த திருத்தத் தாள்கள் மட்டும் ஏறத்தாழ 150 பக்கம். அவற்றை உரிய இடங்களில் செருகி வைப்பதே தனிவேலை ஆயிற்று. பிறகு நுண்படத் தாள்களுக்கு மாறினார்கள். அந்த மலையைக் கண்ட பிறகும் புரூக்ஸ் 1975 நூலில், நிரலர் தம் பகுதியைத் தவிர மற்றதை அறியாதிருப்பதே நல்லது என்னும் பர்னாஸின் யோசனை கேட்டிலேயே முடியும் எனும் பொருள்பட எழுதினார்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. அந்நூலின் மறுபதிப்பு 1995இல் வந்தபோது புரூக்ஸ் புதிய இயல்களைச் சேர்த்தார். அவற்றுள் ஒரு பகுதிக்கு அவர் இட்ட தலைப்பே, தகவலை மறைத்தல் குறித்துப் பர்னாஸ் சொன்னது சரி, தாம் சொன்னது தவறு என்பதாகும். 1999இல் கணிப்பொறியியலின் உயரிய விருதான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது, 2022இல் மறைந்தார். புகழ்பெற்ற நூலின் ஆசிரியர் ஒருவர் அதே நூலுக்குள் இப்படி எழுதிச் சேர்த்தது அறிஞர் உலகில் அடிக்கடி காணக்கிடைக்காத நிகழ்ச்சி.

இதற்கிடையில் மென்பொருட் கட்டமைப்பு தனித் துறையாக வளர்ந்து, டெவாய்ன் பெர்ரியும் அலெக்சாண்டர் உல்ஃபும் 1992இல் எழுதிய கட்டுரையினாலும், மேரி ஷாவும் டேவிட் கார்லனும் 1996இல் வெளியிட்ட நூலினாலும் பாடத்திட்டங்களில் இடம்பெற்றது. அதில் பின்னர் எழுந்த பாணிகளும் பெயர்களும் பல. அவற்றையெல்லாம் அடுக்குவதைவிட, பர்னாஸின் கேள்வியைத் தமிழர் தம் எழுத்தின்மேல் வைத்துப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில் அக்கேள்வியைக் கேட்கத் தவறியதன் விளைவைத் தமிழ் எழுத்துலகம் நேரடியாக அனுபவித்திருக்கிறது.

1990களில் கணிப்பொறியில் தமிழ் நுழைந்தது எழுத்துரு வழியாக. டி.டி.பி. மையங்களில் கோக்கப்பட்ட மலர்களும் கவிதைத் தொகுப்புகளும் அவ்வழியே வந்தவை. அன்றைய எழுத்துரு ஒன்றில் 256 இடங்கள். ஆங்கில எழுத்து அமர வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவம் அமர்த்தப்பட்டிருக்கும். பொறி தன் நினைவில் வைத்திருந்தது ஆங்கில எழுத்தின் எண்ணைத்தான். எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடியைப் போர்த்தியது. ஒவ்வொரு எழுத்துருவாக்குநரும் தமக்கு வசதியான இடத்தில் தமக்கு வேண்டிய வடிவத்தை வைத்தார். ‘கொ’ என்று எழுதினால் உள்ளே இருந்தவை ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று படங்கள், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே. எழுத்துருவை மாற்றினால் கவிதை பொருளற்ற குறிகளின் குவியல் ஆயிற்று.

பர்னாஸின் சொல்லில் கூறினால், எழுத்து எந்த வடிவில் வரையப்படும் என்ற முடிவு எங்கும் மறைக்கப்படவில்லை. அது பனுவலுக்குள்ளேயே கலந்துவிட்டது. மாறக்கூடியது வடிவம், மாறாதது எழுத்து. இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை.

இக்குழப்பத்தைக் குறைக்கப் பலர் உழைத்தனர். பல நாட்டுத் தமிழர்கள் இணையவழிக் கலந்துரையாடி வகுத்த திஸ்கி குறிமுறை எழுந்தது; 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டையொட்டி ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறிமுறைகள் வந்தன. இவை எல்லோரும் ஒரே முகமூடியை அணியச் செய்த முயற்சிகள். முகமூடியையே தேவையற்றதாக்கியவை அல்ல. சுவரை எழுப்பியது ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும். கொம்பை முன்னே வரைவதும் காலைப் பின்னே வரைவதும் திரையில் காட்டும் கூற்றின் பொறுப்பு. பனுவலுக்கு அது தெரிய வேண்டியதில்லை. விண்டோஸ் 2000 வந்த பிறகு அந்தக் கூறு பலருடைய பொறிகளிலும் இடம்பெறத் தொடங்கிற்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் முதலில் திஸ்கியில் வெளியிட்ட பழந்தமிழ் நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் தந்தனர்.

ஒருங்குறியின்மேல் மனக்குறை இல்லாமல் இல்லை. அதன் இந்திய எழுத்துப் பகுதிகள் 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைத் தழுவி, தேவநாகரி ஒழுங்கில் அமைந்தவை. தமிழில் இல்லாத எழுத்துகளுக்குரிய இடங்கள் வெற்றிடமாக நிற்கின்றன. மெய்யெழுத்து ஒவ்வொன்றும் அகரமேறிய எழுத்தும் புள்ளியுமாக இரண்டு இடங்களைப் பிடிக்கிறது. தமிழ் இலக்கணமோ மெய்யை முதலாகவும் உயிர்மெய்யைச் சார்பாகவும் கருதுவது. இக்குறைகளை முன்னிட்டு எல்லா எழுத்துகளுக்கும் தனி இடம் தரும் ‘டேஸ்16’ குறிமுறையைத் தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. எனினும் உலகப் பயன்பாட்டில் வேரூன்றியது ஒருங்குறியே.

மனக்குறையில் நியாயம் உண்டு என்பதைப் பர்னாஸின் சொல்லடைவையே தமிழில் செய்து பார்த்தால் அறியலாம். மலை, மழை, மறை, மனை என்பது தமிழ் அகராதி வரிசை. ஒருங்குறி எண்களின் ஏறுவரிசையிலேயே அடுக்கினால் மனை, மறை, மலை, மழை என்று வரும். ஏனெனில் அங்கே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் அமர்ந்திருக்கின்றன. பக்கத்துக்கு முன்னே பகல் வந்துவிடும். புள்ளியின் எண் லகரத்தின் எண்ணைவிடப் பெரிது. எண் வரிசையையே அகர வரிசை என்று நம்பி எழுதப்பட்ட நிரல்களில் இன்றும் இப்பிழையைக் காணலாம். ஆயினும் இதற்கு மருந்து ஒருங்குறியை உடைப்பதில் இல்லை. அகர வரிசை என்பதைத் தனிக் கூறாக வைத்து, தமிழ் நெடுங்கணக்கை அந்தக் கூற்றுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். ஒருங்குறி அமைப்பினரும் வரிசை விதிகளைக் குறியீட்டு எண்களோடு கலக்காமல் தனி அட்டவணையாகவே வைத்திருக்கின்றனர். அந்த அட்டவணையைக் கேட்டு அடுக்கும் நிரலில் மலைக்குப் பின் மழையும், மறையும், அதன்பின் மனையும் ஒழுங்காக வந்து நிற்கின்றன.

பழைய எழுத்துருக்களில் கோக்கப்பட்ட பக்கங்களின் நிலைதான் வேறு. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் நிரல்கள் பல எழுதப்பட்டுள்ளன, வேலையும் செய்கின்றன. ஆனால் அந்தப் பக்கம் எந்த எழுத்துருவில் கோக்கப்பட்டது என்பதை முதலில் யாராவது சொல்ல வேண்டும். மையம் மூடப்பட்டு, கோத்தவர் பெயரும் மறந்து, நெகிழ்வட்டு மட்டும் எஞ்சியிருக்கும் இடங்களில், அச்சான பிரதி ஒன்றைத் தேடிப்பிடித்து அருகில் வைத்துக்கொண்டு, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.